பேஜார் என்று செல்வராணி சொன்னது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு டயாலிசிஸ் மெஷினைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஊசி போடுவதும், குழாய் மாட்டுவதும், அலாரம் அடித்தால் ஓடுவதும் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும். ரிட்டையர் ஆனவளைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள், அதனால் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறேன். வேலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். தெருவில் தினமும் காதில் விழுகிற அந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு பொம்பளையின் உயிரைக் கோட்டை விடப் பார்த்தேன். இப்போது சொல்லும்போதும் எனக்குப் படபடப்பாகத்தான் இருக்கிறது. குரல் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

செல்வராணிக்கு அப்போது நாற்பது வயசு இருக்கும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் வேலை. சும்மா தையல் இல்லை, சாம்பிள் செக்ஷன். வெளிநாட்டு ஆர்டர் கைக்கு வருவதற்கு முன்னால் ஒரு ஜோடி தைத்துக் காட்ட வேண்டும் அல்லவா, அந்த முதல் ஜோடியைத் தைக்கிற ஆள் அவள். கம்பெனியில் ஆயிரம் பேர் மெஷினில் உட்கார்ந்தாலும் அந்த இருக்கை எல்லோருக்கும் கிடைத்துவிடாது. இரண்டு கிட்னியும் போன பிறகு திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலையில் எங்கள் யூனிட்டுக்கு வருவாள். கூடவே வீட்டுக்காரர் ஏழுமலை. தோல் கம்பெனியில் வேலை அவருக்கு, அதிகம் பேசாத மனுஷர். செவ்வாய், வியாழன், சனியில் அவர் வேலைக்குப் போவார், அவளும் முடிந்தால் போவாள். அவள் செக்ஷனில் நல்ல மனசோடு அப்படி விட்டுவைத்திருந்தார்கள்.

இங்கே மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒரு படிவம் நிரப்பச் சொல்வார்கள். வாழ்க்கைத் தரம் என்று மேலே போட்டிருக்கும். ‘கடந்த நான்கு வாரங்களில் தாங்கள் சோர்வாக உணர்ந்தீர்களா?’ எங்கள் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள், சொல்லுங்கள்? நானும் அதை அப்படியே படித்து, இல்லை, சில சமயம், எப்போதும் என்று மூன்று கட்டத்தில் ஒன்றில் டிக் அடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். பன்னிரண்டு கட்டிலையும் அரை மணியில் முடித்துவிடுவேன் என்று பெருமை வேறு.

செல்வராணியிடம் கேட்டபோது அவள் சோர்வு என்று சொல்லவில்லை. “அதெல்லாம் இல்ல சிஸ்டர். பேஜாரா இருக்குது, அவ்ளோதான்” என்றாள்.

பேஜார் என்றால் எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் பிள்ளைகள் சத்தம் போட்டால் பேஜார், பஸ் வரவில்லை என்றால் பேஜார். எரிச்சல், அலுப்பு, வெறுப்பு. அதனால் சோர்வு என்ற இடத்தில் ‘இல்லை’ என்று டிக் அடித்தேன். கீழே மனநிலை என்ற இடத்தில் ‘எரிச்சல்’ என்று அழகான கையெழுத்தில் எழுதினேன். டாக்டர் அதைப் பார்த்து அவளை மனநலக் கவுன்சிலரிடம் அனுப்பினார். கவுன்சிலர் நல்ல பெண், மனசுக்குப் பிடித்த பாட்டு கேளுங்கள், நாலு பேரோடு பேசுங்கள் என்று சொல்லி அனுப்பியது. அடுத்த மூன்று மாதமும் பேஜார்தான், அதற்கடுத்த மூன்று மாதமும் பேஜார்தான். நானும் எரிச்சல், எரிச்சல் என்று எழுதிக்கொண்டே போனேன். வெட்கக்கேடு.

ஒரு புதன்கிழமை. நாலு மணி நேரம் முடிந்து, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு, கடையில் கணக்கு முடிக்கச் சொல்வதைப் போல, இந்த வெள்ளியோடு போதும், இனிமேல் வரப்போவதில்லை என்றாள். டயாலிசிஸை நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். நான்தான் முதல் நாளில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தேன்.

பயத்தில் எனக்குக் கோபம் வரும். பிள்ளைகள் என்ன ஆவார்கள், ஏழுமலை என்ன ஆவார், கடவுள் கொடுத்த உயிர் என்று பொரிந்து தள்ளினேன். மறுபடியும் கவுன்சிலரை வரச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். அதைக் கேட்டு அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் கொஞ்சமும் குரல் உயர்த்தாமல் ஒரு கணக்குச் சொன்னாள்.

“திங்க, புதன், வெள்ளி உங்களுக்கு. செவ்வா, வியாழன், சனி எழுந்திருக்க முடியாம படுக்கைக்கு. மீதி இருக்கிறது ஞாயித்துக்கிழம ஒண்ணுதான் சிஸ்டர். அன்னிக்கு கம்பெனி லீவு.”

போன வியாழக்கிழமை மெஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கிவிட்டாளாம். ஊசிக்குக் கீழே தலை. சூப்பர்வைசர் பயந்துபோய் ஆட்டோ வைத்து வீட்டுக்கு அனுப்பி, உடம்பு நன்றாகத் தேறின பிறகு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டாராம். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். மரியாதையாகச் சொன்னது அவளை உடைத்துவிட்டது.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் எனக்கு இருப்பே கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நோயாளி இந்தக் கதவைத் தாண்டி வெளியே போன பிறகு என்ன ஆகிறார் என்று நான் ஒரு தடவையாவது பார்த்திருக்கிறேனா? பி.பி. சரி, ரத்தம் நின்றுவிட்டது, போய்ட்டு வாங்க. அவ்வளவுதான் என் வேலை என்று நினைத்திருந்தேன். நாலு மணிக்கு அவள் போனுக்கு அடித்தேன். ஏழுமலை எடுத்தார். படுத்திருக்கிறாள் என்றார். எட்டு மணிக்கு அடித்தேன், படுத்திருக்கிறாள். மறுநாள் காலை ஏழரைக்கு அடித்தபோது அவர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டீ போட்டுப் பக்கத்தில் வைத்ததாகவும், அது ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டதாகவும் சொன்னார். சொம்பைத் தூக்கக்கூட அவளுக்குக் கை எழவில்லையாம். சாயங்காலம்தான் உட்காருவாள், உட்கார்ந்தால் மறுநாள் மறுபடியும் வேலூர் பஸ்.

“ஏன் அவ என்கிட்ட இத்தன மாசமா ஒரு வார்த்த சொல்லல?” என்று கத்தினேன். “சோர்வா இருக்கான்னு ஒவ்வொரு தடவையும் கேக்கறேன் இல்ல?”

“சொல்லிச்சே சிஸ்டர். பேஜாரா இருக்குன்னு உங்ககிட்ட சொன்னேன்னு என்கிட்ட சொல்லிச்சே.”

“அது எரிச்சல் இல்லையா?”

ஏழுமலை சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போலப் பொறுமையாகச் சொன்னார்.

“கம்பெனியில மிஷின் பேஜார்னா இன்னா சிஸ்டர்? மிஷினு கோச்சிக்கினா நிக்குது? ஓடலன்னு அர்த்தம்.”

தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே, போனைப் பிடித்திருந்த கையாலேயே அடித்துக்கொண்டேன். வாழ்நாள் எல்லாம் மெஷினோடு இருந்தவள் தன் உடம்பைப் பற்றி மெஷினின் பாஷையில் சொன்னாள். ஒன்பது மாதமாகச் சொன்னாள். உடம்பு ஓடவில்லை என்று அவள் சொன்னதற்கு நாங்கள் பாட்டு கேட்கச் சொன்னோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் பிள்ளைகளா, எனக்கு எப்படி இருந்திருக்கும்!

வெள்ளிக்கிழமை அவள் வந்தவுடன் முதல் வேலையாக மன்னிப்புக் கேட்டேன். நோயாளியிடம் மன்னிப்புக் கேட்பதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள், நான் சொல்கிறேன், கேளுங்கள். ஒன்றும் குறைந்துவிடாது. அப்புறம் கெஞ்சினேன், கொஞ்ச நாள் கொடு என்று. அவள் கைவிரலை மடக்கினாள். “திங்கள்லேர்ந்து ரெண்டு வாரம். ஆறு தடவ. அதுக்கு மேல கேக்கக் கூடாது சிஸ்டர்” என்றாள். ஆறு.

திங்கட்கிழமை, முதல் தடவை. இனிமேல்தான் சுவாரசியம். எடை பார்க்கிற மெஷினில் ஏறி நிற்கிறாள். கை நீட்டிப் பிடித்துக்கொள்ளும்போது புடவை கொஞ்சம் விலகியது. ஜாக்கெட்டின் பக்கத் தையல் என் கண்ணில் பட்டது. பழைய தையல் இருந்த இடத்தில் துணி வெளுக்காமல் ஒரு கோடு, அதற்கு வெளியே புதிசாக ஒரு தையல். பிரித்து விட்டிருக்கிறாள்! இதென்ன என்று கேட்டேன். எல்லா ஜாக்கெட்டும் இறுக்கிப் பிடிக்கிறது, மூன்று மாதத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் பிரித்துத் தைத்தேன், உங்களுக்கும் தைக்கணுமா என்று கிண்டல் செய்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஏன் தெரியுமா? இங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு எடை எழுதி வைத்திருக்கிறோம். சேர்ந்திருக்கிற தண்ணீரை எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை, ட்ரை வெயிட் என்கிறோமே, அது. செல்வராணிக்கு அதை எழுதியது அவள் சோறு இறங்காமல் எலும்பும் தோலுமாகக் கிடந்த காலத்தில். அப்புறம் பசி வந்தது, சாப்பிட்டாள், சதை போட்டாள். நாங்கள் எழுதின நம்பர் மட்டும் மாறவே இல்லை. மெஷின் பாவம், அந்த நம்பரை எட்டுவதற்காக ஒவ்வொரு தடவையும் அவளிடம் இல்லாத தண்ணீரையும் சேர்த்துப் பிழிந்து எடுத்திருக்கிறது. கடைசி ஒரு மணி நேரத்தில் அவளுக்கு பி.பி. இறங்கும், கெண்டைக்கால் இழுக்கும். நாங்கள் சலைன் ஏற்றிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவோம். வழக்கம்தானே என்று ஆளுக்கு ஆள் சார்ட்டில் எழுதியிருந்தோம். அதில் பாதி என் கையெழுத்து.

சார்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அந்த வயசில் நான் ஓடினதைப் பார்த்து யாருக்கோ மூச்சு நின்றுவிட்டது என்று இரண்டு பேர் பின்னாலேயே ஓடி வந்தார்கள். ‘ஜாக்கெட் தையல் பிரிச்சிருக்கா டாக்டர்’ என்று நான் மூச்சு வாங்கச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயம் புரிந்ததும் எழுந்து வந்துவிட்டார். நல்ல டாக்டருக்கு அதுதான் அடையாளம், நாற்காலியை விட்டு எழுந்து வருவார். அவளுடைய காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சைக் கேட்டார், ரத்தம் குறைந்திருக்கிறதா என்று ரிப்போர்ட்டைத் தேடிப் பார்த்தார். அசதிக்கு வேறு காரணமும் இருக்கலாம் அல்லவா, நம் இஷ்டத்துக்கு நம்பரை மாற்றிவிட முடியாது. நுரையீரலில் தண்ணீர் நின்றுவிட்டால் அது வேறு ஆபத்து. எல்லாம் பார்த்த பிறகு, அந்த எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவோம், அரை மணி நேரம் கூட்டி மெதுவாக எடுப்போம் என்றார்.

செவ்வாய் காலை ஏழரைக்கு அடித்தேன். படுத்திருக்கிறாள் என்றார் ஏழுமலை. சரி, ஒரே நாளில் ஆகிவிடுமா. புதன்கிழமை பி.பி. இறங்கவில்லை! வியாழன் காலை அடித்தேன். “எழுந்து உக்காந்துனு இருக்குது சிஸ்டர். டீயில சக்கர கம்மின்னு சொல்லுது” என்றார். வீட்டுக் கூடத்தில் நான் ஒரு ஆட்டம் போட்டேன், சொல்வதற்கு எனக்கென்ன வெட்கம். வெள்ளிக்கிழமை மூன்றாவது தடவை, கால் இழுக்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு காரியம் செய்தேன். அவள் கன்னத்தைத் தட்டி, ‘நல்லா சாப்பிடு செல்வராணி’ என்றேன்.

வாய் ஜாஸ்தி என்று சொன்னேன் இல்லையா. ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் வீட்டு விசேஷம். ஆம்பூர் விசேஷத்தில் என்ன போடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சிஸ்டரே சாப்பிடச் சொல்லிவிட்டார்கள். பிரியாணி, கத்தரிக்காய், ஊறுகாய், உப்புக்கு உப்பு, அதற்கு மேல் தாகத்துக்குத் தண்ணீர். திங்கள் காலை மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். வேறு வழியில்லை, நிறையத் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. பி.பி. இறங்கியது, கால் இழுத்தது, எல்லாம் பழையபடி. அவளைத் திட்ட வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டேன். சாப்பிடு என்று சொன்னேனே, எதை, எவ்வளவு என்று சொன்னேனா? நம் வாயிலிருந்து வருவதை அவர்கள் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள், அதை மறந்துவிட்டேன். படுக்கையில் கண்ணை மூடியபடியே செல்வராணி, “நாலு ஆச்சு சிஸ்டர்” என்றாள்.

அதன் பிறகு அவள் என்னிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை படுக்கைதான். புதன் ஐந்தாவது. ஒன்றும் தப்பாக நடக்கவில்லை. ஆனால் வியாழக்கிழமை போன் அடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போனைக் கையில் எடுப்பேன், வைப்பேன். வெள்ளிக்கிழமை ஆறாவது. பி.பி. அப்படியே நின்றது, கால் இழுக்கவில்லை, முடிந்ததும் தானாகவே எழுந்து உட்கார்ந்து செருப்பை மாட்டினாள். நான் வாசல் வரைக்கும் பின்னாலேயே போனேன். திங்கட்கிழமை என்று ஆரம்பித்தேன். “ஆறு ஆயிடுச்சு சிஸ்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு, ஏழுமலையோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

அன்றைக்கு நான் எதைச் சாப்பிட்டேன், எப்படிப் படுத்தேன் என்று நினைவில்லை. சனிக்கிழமை காலை ஏழரைக்கு அடித்தேன். மணி போகிறது, போகிறது, யாரும் எடுக்கவில்லை. இத்தனை நாளில் அப்படி நடந்ததே இல்லை, அவள் படுத்திருந்தால் ஏழுமலையாவது எடுப்பார். எட்டுக்கு அடித்தேன். ஒன்பதிலிருந்து திரும்பத் திரும்ப அடித்தேன். ஏழுமலை போனுக்கு அடித்தேன், அதையும் எடுக்கவில்லை. முடிவு பண்ணிவிட்டார்கள், நான் கெஞ்சுவேன் என்று போனை எடுக்காமல் இருக்கிறார்கள், ஒன்பது மாதம் காது கேளாதவளாக இருந்தவளுக்கு இதுதான் பதில் என்று நினைத்தேன். பதினொரு மணிக்கு டாக்டரிடம் போய், ஆம்பூருக்குப் பஸ் ஏறப்போகிறேன், அரை நாள் லீவு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். நடு மத்தியானம், பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது என் போன் அடித்தது. செல்வராணியின் நம்பர்.

பின்னால் ஒரே இரைச்சல். தட்டு வைக்கிற சத்தம், நாலைந்து பெண்கள் சிரிக்கிற சத்தம். அவளே பேசினாள்.

“இன்னா சிஸ்டர், எட்டு தடவ அடிச்சிருக்கீங்க? கம்பெனி லைன்ல இருந்தேன். போன லாக்கர்ல வெச்சாத்தான் உள்ள விடுவாங்க. அவரு கம்பெனியிலயும் அப்படித்தான்.”

“லைன்லயா?” என்றேன். அதற்குள் எனக்கு அழுகை முட்டிவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, அவளுடைய சொல்லிலேயே கேட்டேன், பேஜாரா என்று.

“மிஷின் ஓடுது சிஸ்டர்” என்றாள். யாரோ அவளை அவசரமாகக் கூப்பிட்டார்கள். “சாம்பிள் ஒண்ணு பாதியில நிக்குது, பெல் அடிச்சிட்டாங்க, வெச்சிடறேன். திங்கக்கிழம வர்றேன்.”